C என்றால் சிலோன்

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, மகள் அவருக்கு ஒரு வார விடுமுறைப் பயணத்தைப் பரிசாகத் தந்தாள். தீவு வேண்டுமா, கடற்கரை வேண்டுமா என்று கைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். அவர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. செக் நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், எல்பே ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து வருகிற இடத்தில் ஒரு வீடு எடுத்துத் தந்தால் போதும் என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், ஒன்றுக்கு இலையுதிர் காலத்தில் சத்திரசிகிச்சை செய்ய மருத்துவமனையில் நாள் வாங்கி வைத்திருக்கிற மனிதர் அவர். ஜேர்மனியில், ஹம் நகரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படி இறங்குவதற்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர். அப்படிப்பட்டவருக்கு மலை கேட்கிறதாம்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர்களின் முழங்காலைப் பிடித்து எழுப்பி, நடத்தி, உட்காரவைத்துவிட்டு வருகிறேன். விடுமுறையிலும் அதே உத்தியோகமா என்று வாய்விட்டே கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். முடிவெடுத்துவிட்டார் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

புறப்படுகிற அன்று நான் ரைஸ் குக்கர், இடியப்ப உரல், செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு என்று ஒரு பெட்டி கட்டினேன். அவர் கட்டியது ஒரு தேங்காய். ஹம்மில் எங்கள் ஆட்கள் நடத்தும் கடையில் ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்துக் குலுக்கி, தட்டி, குடுமி கலையாத ஒன்றாகத் தேடி எடுத்திருந்தார். வீட்டில் துருவி உறையவைத்த தேங்காய்ப்பூ பை பையாக இருக்கும்போது முழுத் தேங்காய் எதற்கு என்று கேட்டேன். அவர் அதை ஒரு குளிக்கும் துவாயில் சுற்றி, எங்கள் இருவரின் இருக்கைகளுக்கும் நடுவே வைத்தார். குழந்தைகள் சிறியவர்களாக இருந்தபோதுகூட இவ்வளவு பக்குவமாக அவர்களைக் காரில் ஏற்றியதில்லை.

காஸல் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தார்.

அவர் ஜேர்மனிக்குக் காடு வழியாக நடந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். நான் பிறகு கல்யாணம் முடித்து, விசாவோடு, விமானத்தில், ஜன்னலோர இருக்கையில் வந்தவள். காட்டுக்குள்ளால் வந்த கதையை எப்போது கேட்டாலும் "காட்டுக்குள்ளால வந்தனான்" என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுவார். அந்த வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை முப்பது வருடம் கழித்து, மணிக்கு நூற்றிருபதில் போய்க்கொண்டு, பாதையைப் பார்த்தபடியே சொன்னார்.

காசு வாங்கிக்கொண்டு எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் அவர்கள் ஆறு பேரைச் செக் பக்கத்துக் காட்டின் ஓரத்தில் விட்டு, நேரே நடந்தால் ஜேர்மனி என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டானாம். விடிந்தும் விடியாத நேரம். மூடுபனியில் முன்னே போகிறவரின் முதுகு மட்டும் தெரியுமாம். இவர் கடைசியாக நடந்திருக்கிறார். அப்போது ஒரு பெரிய மரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளைக் கல் ஒன்று நட்டிருக்கக் கண்டார். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை மரத்தடியில் வைரவர் இருப்பார். ஒரு கல், பக்கத்தில் ஒரு சூலம், அவ்வளவுதான் கோயில். பயந்துபோயிருந்த மனிதருக்கு மரமும் கல்லும் சேர்ந்து தெரிந்தவுடன் வேறு ஒன்றும் தோன்றவில்லை. வைரவர் இங்கேயும் வந்துவிட்டார் என்று நினைத்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று முறை சுற்றிக் கும்பிட்டார். நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் திரும்பி வந்து ஒரு தேங்காய் உடைப்பேன் என்று நேர்ந்தார்.

அது எல்லைக்கல். ஒரு பக்கம் ஜேர்மனி, மறுபக்கம் செக். ஆக, என் கணவர் அந்தக் காலையில் சட்டவிரோதமாக மூன்று முறை ஜேர்மனிக்குள் நுழைந்து, மூன்று முறை வெளியேறியிருக்கிறார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். சுற்றி முடித்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் முன்னே போன ஐந்து பேரையும் காணவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம், எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதும் மறந்துபோயிற்று. எங்கு பார்த்தாலும் ஒரே பனிப்புகார், ஒரே மரம். கல்லை மறுபடி பார்த்தபோதுதான் அதில் எழுத்து இருப்பது தெரிந்தது. ஜேர்மனி என்றால் ஆங்கிலத்தில் G என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம். G-ஐத் தேடினார். இல்லை. ஒரு பக்கம் D, மறுபக்கம் C. ஜேர்மன்காரர் தங்கள் நாட்டை டொய்ச்லாண்ட் என்று சொல்வார்கள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

"C எண்டால் சிலோன்தானே எண்டு நினைச்சன். அது திரும்பிப் போற பக்கம். அதாலதான் D பக்கம் நடந்தனான்," என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். செக் காட்டின் நடுவில் நின்றுகொண்டு, இங்கே கொழும்புக்கு வழி காட்டியிருக்கிறார்கள் என்று நம்பிய ஒரே மனிதர் என் கணவராகத்தான் இருக்கவேண்டும். அவர் சிரிக்கவில்லை. முன்னே போன ஐந்து பேரும் காடு முடிகிற இடத்தில் காவல்காரர் கையில் அகப்பட்டு, அன்றைக்கே செக் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டாராம். கும்பிட நின்று பிந்திய இவர் ஒருவர்தான் தப்பினார். சிரித்துக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஏன் இத்தனை வருடம் வரவில்லை என்றும் அவரே சொன்னார். முதலில் வதிவிட அனுமதி இல்லாமல் நகரத்தை விட்டு வெளியே போகவே ஏலாத காலம். அதன் பிறகு இரவு வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன். எல்லாம் ஓய்ந்த பிறகு வெட்கம். எல்லைக்கல்லுக்கு நேர்த்தி வைத்தேன் என்று யாரிடம் சொல்வது? இப்போது முழங்காலில் கத்தி வைக்கப் போகிறார்கள்.

"நேர்த்தி அப்பிடியே கிடக்கு. அதை முடிக்காமல் கத்திக்குக் கீழ படுக்க எனக்குப் பயமாக் கிடக்கு," என்றார்.

முப்பது வருடத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. துவாயில் சுற்றிய தேங்காய் சரியத் தொடங்கியது. நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வீடு ஆற்றங்கரையிலிருந்து கொஞ்சம் மேலே இருந்தது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி, தனியாக இருக்கும் ஒரு விதவை, மேல்தளம் எங்களுக்கு. வந்த அன்று மாலையே சம்பலுக்குச் செத்தல் மிளகாயைப் பொரிக்கப்போய், புகை எச்சரிக்கைக் கருவி ஊரையே கூட்டிவிட்டது. வீட்டுக்காரி தும்மிக்கொண்டே ஏறி வந்தாள். நான் ஜன்னல்களைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு, கடைசியில் ஒரு தட்டு இடியப்பமும் சொதியும் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை தட்டுக் கழுவி வந்தது, மேலே நான்கு துண்டு பிளம்ஸ் கேக்கோடு. அதன் பிறகு நாங்கள் அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் போல இல்லை.

முதல் நாள் பாஸ்டை பாலத்துக்குப் போனோம். அந்தப் பக்கம் வருகிற எல்லாரும் முதலில் போகிற இடம் அது. ஆற்றுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் மணற்பாறைகளுக்கு நடுவே கல்லால் கட்டிய பாலம். கீழே எல்பே, அதில் துடுப்புச் சக்கரம் போட்ட நீராவிக் கப்பல் ஒன்று, தூரத்தில் மேசை மாதிரித் தட்டையான தலையோடு மலைகள். கூட்டம் இருந்தது. இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் நடக்கும் ஜேர்மன் தம்பதிகள் எங்களை உரசிக்கொண்டு போனார்கள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, இதைப் பார்ப்பதற்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்யவில்லை. மகள் வாடகை கட்டினாள், வானம் வெளித்திருந்தது, அவ்வளவுதான். சில நல்லவை அப்படிச் சும்மா கிடைக்கின்றன. எனக்கு மனம் நிறைந்திருந்தது. பக்கத்தில் பார்த்தால் இவர் ஆற்றைப் பார்க்கவில்லை; அதற்கு அப்பால், எல்லைப் பக்கத்துக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் எல்லையைத் தாண்டிச் செக் பக்கம் போனோம். தாண்டினோம் என்று சொல்கிறேனே தவிர, ஒரு நீலப் பலகை வந்துபோனது, அவ்வளவுதான். நான் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்ததில் அதையும் கவனிக்கவில்லை. அங்கே ஒரு பெரிய பாறை வளைவு இருக்கிறது. அதன் உச்சிவரை ஏற அவர் காலுக்கு ஏலாது என்பதால், பாதியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். சில வருடங்களுக்கு முன் காட்டுத்தீ வந்த இடம். கரிந்த மரங்கள் இன்னும் நின்றன. அவற்றின் காலடியில் இளம் பிர்ச் மரங்களும் பன்னச் செடிகளும் அடர்த்தியாக முளைத்திருந்தன. கீழே இறங்கி ஒரு கடையில் மாவுருண்டையும் குழம்புமாகச் சாப்பிட்டோம். மாவுருண்டையைக் குழம்பில் ஊறவைத்துத் தின்பதைப் பார்த்தபோது, இவர்களுக்கு ஒரு பிடி கறிவேப்பிலை கொடுத்தால் எங்கேயோ போய்விடுவார்கள் என்று தோன்றியது.

திரும்பும் வழியில், ஜேர்மன் பக்கத்தில் போலீஸ் நின்று கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான். முன்னால் போன இரண்டு கார்களைக் கையசைத்து அனுப்பிவிட்டு, எங்களை ஓரம்கட்டச் சொன்னார்கள். எங்கள் நிறத்துக்கு அது பழகிய விஷயம். எனக்குக் கோபம் வரும், அவருக்கு வியர்க்கும். அவர் எங்கே போனாலும் பாஸ்போர்ட், அடையாள அட்டை, பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவருவார். அதை முழுதாக ஜன்னல் வழியே நீட்டினார். வந்தவள் எங்கள் மகளின் வயதுப் பெண். அட்டையை ஒருமுறை பார்த்துத் திருப்பித் தந்தாள். குனிந்து உள்ளே பார்த்தவளின் கண் எங்கள் நடுவே இருந்த துவாயில் நின்றது. அது என்ன என்று கேட்டாள். நான் விலக்கிக் காட்டினேன். தேங்காய் குடுமியோடு அவளைப் பார்த்தது. யாருக்கு என்று கேட்டாள். என் கணவர், பொய் சொல்லத் தெரியாதவர், ஜேர்மன் மொழியில் "கடவுளுக்கு" என்றார்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று நினைத்தாளோ தெரியாது. பிறகு நல்ல விடுமுறையாக அமையட்டும் என்று சொல்லி, கையசைத்து அனுப்பினாள். வளைவு திரும்பியதும் அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"நான் ஆரெண்டு கேக்கேல்லை. தேங்காய் ஆருக்கெண்டுதான் கேட்டவள்," என்றார்.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. முன்னால் போன இரண்டு கார்களையும் ஏன் நிறுத்தவில்லை என்பதுதான் என் மனதில் ஓடியது. ஆனால் அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபிறகு நான் அதைக் கிளறவில்லை. ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பேரும் ஒரே அளவு சந்தோஷப்படவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மூன்றாம் நாள் தேடல் தொடங்கியது. காட்டிலிருந்து வெளியே வந்ததும் முதலில் கண்ட ஊரின் பெயர் ஏதோ 'டோர்ஃப்' என்று முடியும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே துப்பு. அந்தப் பகுதியில் பாதி ஊர்களின் பெயர் அப்படித்தான் முடிகிறது. தேவாலயத்துக்கு எதிரே மரத்தால் செய்த பஸ் தரிப்பிடம், பின்னால் சரிவு என்று அவர் அடையாளம் சொன்னார். வீட்டுக்காரி கேட்டுவிட்டு, அப்படியானால் இந்த ஊர்தான் என்று ஒன்றைச் சொன்னாள். போனோம். தேவாலயம் இருந்தது. பஸ் தரிப்பிடமும் இருந்தது, புதிதாகச் சாயம் பூசியபடி. அவர் போய் மர வாங்கில் உட்கார்ந்து கையால் பலகையைத் தடவினார்.

அன்றைக்கு அந்த இடத்தில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ஒரு பஸ் வந்ததாம். கையில் ஜேர்மன் காசு ஒரு சதமும் இல்லை, மொழியும் இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து இவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஏறு என்று தலையை அசைத்தார். பஸ்ஸில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் நிலையம் உள்ள ஊரில் இறக்கிவிடும்போது, தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வெண்ணெய் பூசிய ஒரு பாண் துண்டை எடுத்துக் கொடுத்தாராம். நன்றி சொல்ல அப்போது இவருக்கு வார்த்தை தெரியாது. தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. ஹம்மில் பஸ்ஸில் போனால் இவர் பின்கதவால் இறங்கவே மாட்டார். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், ஓட்டுநரிடம் சத்தமாக "டாங்கே" என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். பிள்ளைகளுக்கு அது பெரிய மானக்கேடு. எனக்கும்தான், பலமுறை வேறு யாரோ மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முப்பது வருடமாக ஒரு மனிதருக்குச் சொல்லவேண்டியதைக் கண்ட ஓட்டுநருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஊரின் பின்னால் சரிவில் ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். முழங்காலுக்காக என்று நினைத்தேன். முழங்காலும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் அவர் நின்றது வேறு காரணத்துக்கு. காடு இல்லை. அந்தப் பக்கத்து ஊசியிலை மரங்களை வண்டு அரித்துவிட்டது என்று வீட்டுக்காரி முன்பே சொல்லியிருந்தாள். நாங்கள்தான் இவ்வளவு என்று நினைக்கவில்லை. மலைமுகடு மொட்டையாகக் கிடந்தது. சாம்பல் நிறத் தண்டுகள், விழுந்த கட்டைகள், இடையிடையே புதுச் செடிகள். மரங்கள் இல்லாததால் எல்லைக்கற்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, வெள்ளை வெள்ளையாக, முகடு நீளத்துக்கு. அன்றைக்கு மூடுபனியில் ஒரே ஒரு கல்லைக் கண்ட மனிதர், இன்றைக்கு ஒரு வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தடிக் கல் என்று எதைத் தேடுவது?

மேலே ஏற விடாமல் நான் அவரைத் திருப்பி அழைத்துவந்தேன். அன்று முழுக்க ஐஸ் பொதியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மழை. வீட்டுக்காரி தேநீருக்குக் கூப்பிட்டாள். நான் அவளிடம் கதையை முழுதாகச் சொன்னேன், சிலோன் வரைக்கும். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்த வருடங்களில் காலையில் தோட்டத்து ஈரமண்ணில் புதுக் கால்தடங்களைக் காண்பதுண்டு என்றாள். தன் கணவர் கண்டால் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று, அவர் எழும்புவதற்கு முன்பே மண்வாரியால் கிளறி அழித்துவிடுவாளாம். யாருடைய கால் என்று அவளுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. சொல்லிவிட்டு, என் கணவரின் காலை ஒருமுறை பார்த்தாள். பிறகு, முழங்கால் நோகிறவர்கள் அந்த முகட்டுக்குச் செக் பக்கத்தால் போகவேண்டும், அந்தப் பக்கம் சரிவு குறைவு என்று வழி சொல்லித் தந்தாள்.

கடைசி நாள் வெயில் எறித்தது. காரைச் செக் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தட்டையான பாதையில் மெதுவாக நடந்தோம். முப்பது வருடத்துக்கு முன் அவர் வந்த அதே பக்கத்தால் இப்போது வருகிறோம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்குப் பின்னால் வந்தவர் யாருமில்லை. இன்றைக்கு நான் தேங்காயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

முகட்டுக்கு வந்ததும் அவர் ஒவ்வொரு கல்லாகப் பார்க்கத் தொடங்கினார். குனிந்து தடவுவார், சுற்றிவர நோட்டம் விடுவார், தலையை ஆட்டுவார், அடுத்ததுக்குப் போவார். சில கற்களுக்குப் பக்கத்தில் அறுத்த அடிக்கட்டை இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. நான்காவது கல்லில் அவருக்குக் கால் மடங்கியது. நான் ஓடிப்போய்ப் பிடித்து, விழுந்துகிடந்த ஒரு மரத்தில் உட்காரவைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. வேறு கல்லில் உடைத்தால் அது நேர்த்தி இல்லை என்றார். நான் கும்பிட்டது அந்தக் கல்லைத்தான் என்றார்.

எனக்குக் கோபமும் பாவமும் ஒன்றாக வந்தன. அவர் முன்னால் நின்று கேட்டேன்:

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு நீங்கள் கல்லைத் தெரிஞ்செடுத்தா கும்பிட்டனீங்கள்? முன்னால வந்த கல்லைத்தானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நான் தூக்கிவிட்டேன்.

உட்கார்ந்திருந்த மரத்துக்கு நேரே முன்னால் ஒரு கல் இருந்தது. அதுதான் என்று முடிவாயிற்று. சப்பாத்தையும் காலுறைகளையும் கழற்றி என்னிடம் தந்தார். கற்பூரத்தை எடுத்தபோது நான் தடுத்தேன். தீ தின்ற காடுகளை இந்த வாரம்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம், வைரவர் கோபிக்கமாட்டார் என்றேன். அவர் அதைத் திரும்பப் பையில் போட்டார். எல்லைக்கல்லில் தேங்காய் அடித்தால் அரசாங்கச் சொத்துக்குச் சேதம் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த ஒரு பாறையைக் காட்டினேன். ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. தண்ணீரைக் கல்லின் காலடியில் ஊற்றினார். உள்ளே பருப்பு வெள்ளையாக, அழுகல் இல்லாமல் இருந்ததை எனக்குத் திருப்பிக் காட்டியபோது அவர் முகம் பிள்ளையின் முகமாக இருந்தது.

பிறகு சுற்றத் தொடங்கினார். வெறுங்காலோடு, கல்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி. நான் விழுந்த மரத்தில், அவருடைய சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜேர்மனிக்குள் போனார், வெளியே வந்தார். மறுபடி போனார், வந்தார். மறிக்க ஒருவரும் இல்லை. தூரத்தில் யாரோ ஒரு நாயைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. இந்த மனிதரை அந்தப் பனிப்புகாரில் யாரும் பிடிக்காமல் விட்டதற்கும், ஒரு ஓட்டுநர் கதவைத் திறந்ததற்கும், முகம் தெரியாத கால்தடங்களை ஒரு பெண் தன் தோட்டத்தில் அழித்ததற்கும், பள்ளிக்கூடத்தில் இவருக்கு C என்றால் சிலோன் என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். இவர் இல்லாமல் எனக்கு இந்த நாடு இல்லை, பிள்ளைகள் இல்லை, திட்டுவதற்கு ஓர் ஆளும் இல்லை.

மூன்றாம் சுற்று முடிந்ததும் கைகூப்பி நின்றார். பிறகு அங்குமிங்கும் பாராமல் நேரே என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சப்பாத்துக்குக் கையை நீட்டினார்.

நான் கல்லைப் பார்த்தேன். எங்கள் பக்கம் இருந்த எழுத்து C.

"இந்த முறை பிழையான பக்கம் வந்திட்டியள். இது சிலோன்," என்றேன்.

அவர் திரும்பிக் கல்லைப் பார்த்தார். காரில் நான் சிரித்தபோது சிரிக்காத மனிதர், இப்போது வாய்விட்டுச் சிரித்தார்.

"எழுத்து ஆர் பாத்தது? நீர் இருந்த பக்கம் வந்தனான்," என்றார்.

நான் குனிந்து அவருக்குக் காலுறையைப் போட்டுவிட்டேன். கால் சில்லிட்டிருந்தது, இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.